சுகிமுரா ஹாருகோவின் நடிப்பும் ‘குணச்சித்திரம்’ என்னும் வழக்கும்

‘குணச்சித்திர நடிகை’ என்னும் தொடர் திரைப்படத் திறனாய்வில் பெருவழக்காய் நிலைத்துவிட்டது. இத் தொடரை ஆள்வோர் இரண்டு கருத்துக்களை ஆராயாமலே அதனுள் அடக்கிவிடுகின்றனர். தலைமைப் பாத்திரத்துக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணத்தக்கவர் இந் நடிகை என்பது ஒன்று. கஞ்சத்தனம், கடுமை, வாயாடித்தனம் போன்ற ஏதேனும் ஒரு குணத்தை எடுத்து மிகுத்துக் காட்டுபவர் என்பது மற்றொன்று. ஜப்பானிய நாடகமேடையிலும் திரையிலும் ஏறத்தாழ எழுபதாண்டுகள் நடித்த சுகிமுரா ஹாருகோ இவ்விரண்டு கருத்துக்களையும் பொய்ப்பித்தவர். இவருடைய வாழ்வும் தொழிலும் ஓரளவு இங்குக் கூறப்படினும், வாழ்க்கை வரலாறு எழுதுவது நம் நோக்கமன்று; ‘குணச்சித்திரம்’ என்பதன் பொருளை இவர் நடிப்பைக்கொண்டு மறு ஆராய்ச்சி செய்வதே நோக்கம். நாடகத்தை முத்தமிழுள் ஒன்றாக வைத்து, மெய்ப்பாட்டுக்கு இலக்கண நூலில் தனி இயலே வகுத்துக்கொண்ட மரபினர்க்கு இவ்வாராய்ச்சி அயலான தன்று. (ஜப்பானியர் குடிப்பெயரை முன்னும் இயற்பெயரை பின்னும் வைத்து வழங்குவர், ஈண்டும் அம் முறையே பின்பற்றப்படுகிறது.)

சுகிமுரா ஹிரோஷிமாவில் வளர்ந்தவர். மரவணிகர் ஒருவர் குடும்பத்தில் வளர்ப்பு மகளாய் இருந்தவர். இசைப் பயிற்சியே இவர் இளமையில் விரும்பியது. தோக்கியோ இசைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் தேறாமையால் ஊர் திரும்பி, பெண்கள் பள்ளி ஒன்றில் இசை கற்பித்தார். அக்காலத்தில் ட்சுகிஜி சிறு நாடகமன்றத்தார் ஹிரோஷிமாவுக்கு வந்து நடித்த நாடகத்தைக் கண்டமையே இவர் வாழ்வைத் திருப்பியது. 1924இல் ஒசனாய் கவோருவும் ஹிஜிகத்தா யோஷியும் தோற்றுவித்த அம் மன்றம், ‘ஷிங்கெக்கி’ எனப்படும் புதுநாடக இயக்கத்தின் நாற்றங்காலாக விளங்கியது. கபுக்கி மரபில் பெண் வேடத்தை ஆடவரே புனைந்தனர் என்பதும், நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்த அம் மரபுக்குப் பின்னர்ப் பெண்ணே பெண்ணாய் மேடையேறுவது அன்று இன்னும் இளைய வழக்கே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன. பெண்மையைக் காட்டும் கை, கழுத்து, நடை ஆகியவற்றின் இலக்கணமெல்லாம் ஆடவர் வகுத்ததாக இருந்த ஒரு மேடையில், நடிகை ஒருத்தி தன் உடம்பைத் தானே புதிதாகக் கற்கவேண்டியிருந்தது.

1927இல் சுகிமுரா தோக்கியோ சென்று அம் மன்றத்தில் பயிற்சி மாணவியாய்ச் சேர்ந்தார். இவர் நாவில் ஊறியிருந்த ஹிரோஷிமா வட்டாரப் பேச்சு அங்கே ஒரு குறையாகவே கருதப்பட்டது. முதன்முதலில் கிடைத்ததும் பேச்சால் நிலைபெறும் வேடமன்று; ஆர்கன் வாசிக்கும் சிறு வேடம். நாவுக்கு முன்னரே கைகளுக்கு மேடையில் வேலை கிடைத்தது. இதனை வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம்; எனினும் இவர் திரைப்படங்களை வரிசையாகக் கண்டு வருவோர்க்கு இச் செய்தி அடிக்கடி நினைவுக்கு வராமற் போகாது.

ஒசனாய் 1928இல் மறைந்தபின் மன்றம் பிளவுற்றது. 1932இல் தோமோதா கியோசுகேயும் தமுரா அக்கிக்கோவும் தொடங்கிய ட்சுகிஜிசா என்னும் குழுவில் சுகிமுரா நடித்தார். 1937இல் கிஷிதா குனியோ, குபோதா மந்தாரோ, இவாத்தா தோயோவோ என்னும் எழுத்தாளர் மூவர் ‘புங்ககுசா’ என்னும் இலக்கிய நாடகக் குழுவை நிறுவினர். தலைமை நடிகராக எண்ணப்பட்டிருந்த தோமோதா, அவ்வாண்டே படைக்கு அழைக்கப்பெற்றுச் ஷாங்காய்ப் போர்முனையில் மாண்டார். கணவரை இழந்த தமுரா குழுவில் சேரவில்லை. இவ்வாறு இரண்டு தூண்கள் இல்லாமற் போன இடத்தில், அதுவரை பக்கத்தில் நின்ற சுகிமுரா நடுவில் வந்து நிற்க நேர்ந்தது. இறக்கும்வரை அக் குழுவை விட்டு அவர் நீங்கவில்லை.

அவர் பெயரோடு பிரிக்க இயலாதபடி இணைந்துவிட்ட நாடகம் மொரிமோட்டோ கவோரு எழுதிய ‘ஒரு பெண்ணின் வாழ்வு’. இதன் பிறப்பைப் பற்றித் திறனாய்வாளர் பலர் விரைந்து கடந்துவிடுவர். நாம் அங்ஙனம் கடத்தல் நேர்மையாகாது. போரின் இறுதிக் கட்டத்தில், ‘மகா கிழக்காசியா’க் கொள்கையை நாடகமாக்கித் தருமாறு அரசு சார்ந்த எழுத்தாளர் சங்கம் வேண்டியதன் விளைவே இந்நாடகம். 1945 ஏப்பிரலில், தோக்கியோ நகர் குண்டுவீச்சில் எரிந்துகொண்டிருந்த நாள்களில், ஷிபுயாவில் இருந்த திரையரங்கு ஒன்றில் இஃது அரங்கேறியது. ஆசிரியர் அடுத்த ஆண்டே காசநோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. நாடகத்தின் தலைவி நுநோபிக்கி கேய் என்னும் அநாதைப் பெண். 1905இல் போர் வெற்றியைக் கொண்டாடும் ஓர் இரவில், சீன வணிகத்தால் செழித்த ட்சுட்சுமி குடும்பத்தின் இல்லத்துக்குள் வந்து சேர்கிறாள். இளைய மகன்மேல் அவள் மனம் செல்கிறது. ஆனால் குடும்பத் தலைவி, வணிகத்தைக் காக்கும் திறம் இவளிடத்தே உள்ளது எனக் கண்டு மூத்த மகனுக்கே மணமுடிக்கிறாள். கேய் அவ் வணிகத்தைக் காக்கிறாள். காக்கும் முயற்சியிலேயே கணவனை இழக்கிறாள், மகளை இழக்கிறாள், இளமையில் விரும்பியவனையும் காவலர் கையில் விட்டுவிடுகிறாள்.

அரசு கேட்டது கொள்கைப் பரப்பு நாடகம்; கிடைத்ததோ கடமையால் உள்ளீடு வறண்டுபோன ஒரு பெண்ணின் கதை. வேண்டியவர்க்கும் எழுதியவர்க்கும் இடையே இத்துணை இடைவெளி எவ்வாறு நேர்ந்தது என்பது தனியே ஆராய்தற்குரியது. ஆயினும் அந் நாடகத்தின் பிறப்பிடத்தில் படிந்த கறை முற்றும் நீங்கிவிட்டது என்று கூற நமக்கு மனம் வரவில்லை. போருக்குப்பின் பாடம் திருத்தப்பட்டது. 1960இல் ஜப்பானியப் புதுநாடகக் குழுவினர் சீனம் சென்றபோது, சீன வணிகத்தால் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சீனர் முன்னிலையிலேயே நடிக்க நேர்ந்ததால், மீண்டும் திருத்தப்பட்டது. பாடம் மாறிக்கொண்டே இருந்தது. வேடம் பூண்டவர் மட்டும் மாறவில்லை. 1990 வரை 947 முறை சுகிமுரா கேயாக மேடையேறினார். பதினாறு வயதுச் சிறுமியாய்த் தொடங்கி முதுமையில் முடியும் வேடத்தை, தாம் எண்பதைக் கடந்த பின்னும் அவர் தாங்கினார் என்பதனை வியப்புக்குரிய செய்தியாக மட்டும் கொள்ளலாகாது. ஒரு பெண்ணின் உடம்பில் நாற்பது ஆண்டுகள் எவ்வெவ்விடத்தில் வந்து தங்குகின்றன என்பதை அவர் ஒவ்வோர் இரவும் ஆராய்ந்துவந்தார் என்பதே பொருள்.

இதனோடு ஒப்புநோக்க வேண்டிய ஒன்று, கினோஷித்தா கெய்சுகே இயக்கி 1946இன் தொடக்கத்தில் வெளிவந்த ‘ஒசோனே குடும்பத்தின் காலைப்பொழுது’. போர் வெறி கொண்ட மைத்துனனுக்கு நெடுங்காலம் அடங்கியிருந்து, பிள்ளைகளை இழந்தபின் இறுதியில் அவனை எதிர்த்து வாய்திறக்கும் தாயாக அதில் சுகிமுரா நடித்தார். போர்க்கால அரசு வேண்டிய நாடகத்தின் தலைவியும், அவ்வரசின் குற்றத்தை எடுத்துரைத்த படத்தின் தலைவியும் ஓராண்டு இடைவெளிக்குள் ஒரே நடிகை. இதைக்கொண்டு அவரைக் கொள்கையற்றவர் என்று குறை கூறுவோர் கூறுக. இரண்டிலும் அவர் நடித்தது, பிறர் இட்ட சுமையை நெடிது சுமந்த ஒருத்தியையே என்பது நம் கருத்து.

‘ஆசை என்னும் டிராம் வண்டி’ என்னும் அமெரிக்க நாடகத்தின் பிளாஞ்ச் வேடத்தை 1953இல் ஏற்று, பல்லாண்டுகள் தொடர்ந்து நடித்தார். மிஷிமா யுக்கியோ தம் ‘ரொக்குமெய்கன்’ நாடகத்தை 1956இல் அவருக்கெனவே எழுதினார். மேடையில் அவர் தலைவி என்பதில் ஐயமில்லை. இவ்வளவுக்கும், அதே ஆண்டுகளில் திரையில் அவர் அத்தை, மூத்த மகள், அண்டைவீட்டுத் தாய், விடுதிக்காரி. மேடையில் நடுவிலும் திரையில் ஓரத்திலும் நின்ற ஒருவரை நாம் எவ்வாறு வகைப்படுத்துவது? இரண்டும் இருவேறு கலைகள் என்று சொல்லித் தப்பிக்கலாம். அவர் படங்களைக் கூர்ந்து காண்போர் அவ்விடை போதாது என உணர்வர்.

ஒசு யசுஜிரோவின் ‘பின்னிளவேனில்’ (1949) படத்தை எடுத்துக்கொள்வோம். மணமாகாத மகள் ஒருத்திக்கு மணம் முடிக்க முனையும் அத்தை மாசா இவர் வேடம். கமகுராவின் ஹச்சிமான் கோயிலில் தமையனோடு நடந்துவருகையில், கீழே கிடந்த பணப்பை ஒன்றைக் கண்டெடுக்கிறாள். இது நற்குறி, மணம் கைகூடும் என்று மகிழ்கிறாள். காவல் நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும் என்று தமையன் கூற, ஆம் என்று சொல்லிக்கொண்டே பையை மடியில் செருகிக்கொள்கிறாள். காவலர் ஒருவர் அப் பக்கம் வரக் கண்டதும் படிகளில் விரைந்து ஏறிவிடுகிறாள். பேராசையும் பாசமும் இச் செயலில் பிரிக்கவியலாதபடி ஒன்றாகி நிற்கின்றன. அப் பை அவளுக்குப் பணமும் ஆம், மருமகளின் நல்வாழ்வும் ஆம். இதே படத்தில் மணநாளன்று, மணப்பெண்ணும் தந்தையும் கீழிறங்கிச் சென்றபின், மூட்டைகளை ஏந்திக்கொண்டு அறையைவிட்டு வெளியேறும் அத்தை, ஏதும் விடுபட்டதோ எனப் பார்ப்பவள்போல் அறையை ஒருமுறை வட்டமாகச் சுற்றிவந்து செல்கிறாள். அவ்வளவே. அவள் கண்ணீர் உகுக்கவில்லை. ஒரு பெண் வாழ்ந்து நீங்கிய அறை அது என்பதை அக் காலடிகளே சொல்லிவிடுகின்றன.

‘வாற்கோதுமை அறுவடைக் காலம்’ (1951) என்னும் படத்திலும் இத்தகைய ஓரிடம் உண்டு. மனைவியை இழந்த மகன் தொலைவிலுள்ள அக்கித்தாவுக்கு மாற்றலாகிச் செல்லவிருக்கும் நிலையில், அண்டைவீட்டுப் பெண் நோரிக்கோவிடம், நீ என் மகனை மணப்பாய் எனின் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று பேராசையாய் எண்ணிக்கொண்டதுண்டு எனத் தாய் தயங்கித் தயங்கிக் கூறுகிறாள். நோரிக்கோ உடனே இசைந்துவிடுகிறாள். எதிர்பாராத பேறு வாய்த்தபோது அத் தாயின் வாயில் நன்றியோ வாழ்த்தோ நிரம்ப வரவில்லை. அவரைப் பாகு பொதிந்த ரொட்டி தின்கிறாயா என்று கேட்கிறாள். உவகை உச்சத்தை எட்டிய இடத்தில் உயர்ந்த சொல் தேடாமல், கைக்கெட்டிய தின்பண்டத்தைத் தேடுவது மாந்தர் இயல்பு. எழுதியவர் ஒசுவும் நோதா கோகோவும். ஆயினும் அவ் வினா நகைப்புக்கு இடமாகிவிடாமலும் உருக்கமாய் வழிந்துவிடாமலும் காத்தவர் நடிகையே.

இனி ‘தோக்கியோக் கதை’ (1953). சுகிமுராவின் பெயர் ஜப்பானுக்கு வெளியே அறியப்படுவது பெரும்பாலும் இப் படத்தின் மூத்த மகள் ஷிகேயைக் கொண்டே. ஒனோமிச்சியிலிருந்து பெற்றோர் தலைநகருக்கு வருகின்றனர். ஷிகே அழகு நிலையம் நடத்துபவள். விருந்துக்கு இறைச்சி போதும், பச்சை மீன் வேண்டா என்கிறாள். கணவன் பெற்றோர்க்கென வாங்கிவந்த பலகாரத்தை, இவ்வளவு விலையில் எதற்கு என்று கடிந்து தானே எடுத்து உண்கிறாள். வாடிக்கைப் பெண் வினவும்போது, தன் பெற்றோரை நாட்டுப்புறத்திலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்கிறாள். தாய் இறந்து ஈமச்சடங்கு முடிந்ததும், உண்டுகொண்டே தாயின் கச்சையையும் கோடை உடையையும் நினைவுப்பொருளாகக் கேட்டு வாங்குகிறாள். கைம்பெண்ணான மருமகள் நோரிக்கோவின் பரிவுக்கு எதிராக இவளை நிறுத்தி, ஈரமற்ற மகள் என்று தீர்ப்புக் கூறுவது பெரும்பான்மைத் திறனாய்வாளர் வழக்கம்.

இத் தீர்ப்பு பொருந்தாது என்பதற்குப் படத்திலேயே சான்றுகள் உள. தாயின் இறுதிநிலை அறிந்தவுடன், அனைவரினும் முன்னர் வாய்விட்டு அழுபவள் ஷிகே. அவ்வழுகை நடிப்பன்று; அவள் அழுகிறாள், பின்னர் உடனே அடுத்த வேலையை எண்ணுகிறாள். துக்க உடை கொண்டுசெல்வதா வேண்டாவா என்று தமையனிடம் முன்கூட்டியே வினவியவளும் அவளே. தந்தை நள்ளிரவில் குடித்துவிட்டு நண்பரோடு வந்து விழும்போது அவள் காட்டும் வெறுப்பிலும் ஒரு பழைய வரலாறு உண்டு. இளமையில் தந்தையின் குடியையும் அதனால் தாய் பட்ட துன்பத்தையும் கண்டு வளர்ந்தவள் அவள். கடைசித் தங்கை பிறந்தபின்னரே தந்தை குடியை விட்டவர். நோரிக்கோவுக்கோ அத்தங்கைக்கோ இத் தந்தை மெல்லியல்பினராகிய முதியவர். ஷிகேக்கு அவர் வேறொருவர். இதனை ஆசிரியர் ஓரிரு தொடர்களில் மட்டும் சுட்டிவிட, எஞ்சியதைச் சுகிமுரா தம் குரலின் சலிப்பில் வைத்திருக்கிறார். நெருங்கிய உறவினிடத்தே மட்டும் எழும் சலிப்பு அது. பிறர்க்குப் பரிவு காட்டுதல் எளிது என்பதும், பெற்றோரோடு கணக்குத் தீராதவர்க்கே கடுமை வாய்க்கும் என்பதும் இவ்வேடத்தால் விளங்குகின்றன. நோரிக்கோவாக நடித்த ஹாரா செட்சுகோ நம் அன்பைப் பெறுகிறார். சுகிமுரா நம்மை நாமே காணும்படி செய்து, அதனால் நம் சினத்தைப் பெறுகிறார். காண்போரின் இரக்கத்தை எவ்விடத்தும் இரவாமையே அவர் நடிப்பின் வலிமை.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நிலைக்களன் நான்கு கூறினார். ஓர் உணர்ச்சி தோன்றுதற்குரிய காரணங்கள் பலவாதல் அவ் வகுப்பால் விளங்கும். சுகிமுராவிடம் காண்பது இதன் மறுதலை: ஒரு செயலில் பல மெய்ப்பாடுகள் ஒருங்கே நிற்றல். பணப்பையைச் செருகிக்கொள்ளும் கையில் உவகையும் அச்சமும், தாயின் ஆடையைக் கேட்கும் வாயில் அழுகையும் இளிவரலும் கலந்துள்ளன. ஒரு குணத்தை மிகுத்துக் காட்டுவதே குணச்சித்திரம் என்னும் கருத்துக்கு இங்கே இடமில்லை. கோட்டோவியத்தில் ஒரு கோடு தடித்துத் தோன்றும். இவர் வரைவில் அத் தடித்த கோட்டுக்குள்ளேயே பல கோடுகள் ஓடுகின்றன.

நருசே மிக்கியோ இதனை நன்கு அறிந்திருந்தார் எனல் வேண்டும். ஹாயாஷி ஃபுமிகோவின் கதைகளைத் தழுவி அவர் இயக்கிய ‘பின்பூத்த சாமந்தி’ (1954)யில் சுகிமுராவே தலைவி. முன்னாளில் கெய்ஷாவாக இருந்து, இப்போது பழைய தோழியர்க்கே வட்டிக்குக் கடன் கொடுத்துத் தண்டும் கின் என்பவள். தான் ஒருகாலத்தில் காதலித்தவன் வருகிறான் என்னும் செய்தி கேட்டு, முகத்தைச் செப்பனிட்டு ஆடை திருத்திக் காத்திருக்கிறாள். அவன் வந்ததோ கடன் கேட்க. அறிந்த பின்னர் அவள் கூக்குரலிடவில்லை. அவனுடைய பழைய ஒளிப்படத்தை எரித்துவிடுகிறாள். ஷிகேயை வெறுத்த காண்போர் கின்னிடம் வெறுப்புக் கொள்ள இயலாமல் நிற்பர். இரண்டு பாத்திரங்களும் பணத்தைக் கணக்கிடுவோரே. நடிப்பு முறையிலும் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு, படத்தின் நடுவில் யார் நிறுத்தப்பட்டார் என்பதிலேயே உள்ளது. தலைமைப் பாத்திரம், துணைப் பாத்திரம் என்பன கதையமைப்பின் பகுப்புக்களேயன்றி நடிப்பின் பகுப்புக்கள் அல்ல என்பதற்கு இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துக் காண்பதினும் சிறந்த சான்று வேண்டா.

நருசேயின் ‘ஓடும் நீர்’ (1956) படத்தில் தனக்கா கினுயோ, யமதா இசுசு, தகமினே ஹிதேகோ என்னும் பெருநடிகையர் நடுவே முதிய கெய்ஷாவாக வந்து, குடித்து ஆடும் ஒரு காட்சியால் அனைவரையும் நம் கண்ணிலிருந்து சிறிது நேரம் மறைத்துவிடுகிறார். இவருள் தகமினே, 1940இல் வெளிவந்த ‘சிறு தீவின் வசந்தம்’ என்னும் படத்தில் தொழுநோயாளியாகச் சுகிமுரா நடித்தமை கண்டே நடிப்பு என்பது எத்தகைய தொழில் எனத் தாம் உணர்ந்ததாகத் தம் வரலாற்றில் எழுதியவர். குழந்தைப் பருவம் முதலே புகழ்பெற்ற நடிகையாயிருந்த ஒருவர் கூறிய சான்று ஆதலின் இது பெறுமதி உடையது.

எல்லா வேடங்களும் இத் தரத்தன என்று கூறுவதற்கில்லை. குரோசாவாவின் ‘செந்தாடி’ (1965)யில் விடுதித் தலைவியாக வரும் சுகிமுரா, கொடுமை என்னும் ஒரே குணத்துக்கு உருவமாய் நிற்கிறார். மருத்துவமனைப் பெண்கள் முள்ளங்கியால் அவரை அடித்துத் துரத்தும் காட்சி சிரிப்பை விளைக்கிறது, ஆனால் அப் பெண்ணின் உள்ளத்துக்குள் நம்மை விடவில்லை. நாம் மேலே மறுத்த ‘குணச்சித்திரம்’ அதுவே. குறை நடிகையுடையதோ, அறத்தையும் மறத்தையும் வேலியிட்டுப் பிரிக்க விரும்பிய இயக்குநருடையதோ என்பது வழக்கிற்குரியது. மாறாக, ஒசுவின் இறுதிப் படமாகிய ‘சம்மா மீனின் சுவை’ (1962)யில் சில நிமிடங்களே தோன்றுகிறார். முதிய ஆசிரியர் ஒருவரின் மணமாகா மகள். தந்தையோடு மலிவான உணவுக்கடை நடத்துபவள். குடித்து நினைவிழந்த தந்தையை அவர் மாணவர் கொணர்ந்து விட்டுச் சென்றபின், தனித்திருந்து அழுகிறாள். கதைத் தலைவனாகிய தந்தை தன் மகளை மணம் செய்து கொடுத்தே தீரவேண்டும் என்று துணிவதற்கு அவ்வழுகையே காரணமாகிறது. பல அறிவுரைகள் செய்யாததை ஒரு துணைப் பாத்திரத்தின் சில நிமிடங்கள் செய்கின்றன. படத்தின் அச்சு அங்கே இருக்கிறது.

குழுவின் வரலாற்றில் 1963 ஒரு கசப்பான ஆண்டு. தொடக்கத்தில் அக்குத்தகாவா ஹிரோஷி, கிஷிதா கியோக்கோ முதலிய இளைய நடிகர் பலர், ஃபுக்குதா ட்சுநெயாரியோடு பிரிந்து ‘குமோ’ என்னும் குழு அமைத்தனர். இறுதியில் மிஷிமாவின் ‘மகிழ்ச்சியின் கோத்தோ யாழ்’ என்னும் நாடகத்தை, அதன் அரசியற் சார்பு காரணமாக மேடையேற்றக் குழு மறுக்கவே, தமக்கென ‘ரொக்குமெய்கன்’ எழுதியவரையும் சுகிமுரா இழந்தார். இவ் வழக்கில் முறை யார் பக்கம் என்பது இன்றும் ஒருமுகப்படாத ஒன்று. போர்க்கால அரசின் வேண்டுகோளால் பிறந்த நாடகத்தை வாழ்நாள் முழுதும் நடித்தவர், மற்றொரு நாடகத்தைக் கொள்கை காரணமாக மறுத்த தரப்பில் நின்றார் என்பதில் ஒரு முரண் இருக்கிறது. அம் முரணை நாம் தீர்த்துவைக்க முயலவில்லை.

எண்பத்தைந்து வயதைக் கடந்தபின் ஷிந்தோ கனேதோவின் ‘பிற்பகலில் எழுதிய இறுதி முறி’ (1995) என்னும் படத்தில் மீண்டும் தலைவியாக நடித்தார். கோடை இல்லத்துக்கு வரும் முதிய நாடக நடிகை வேடம். அந் நடிகையின் குடிப்பெயர் மொரிமோட்டோ என அமைந்திருப்பது, ‘ஒரு பெண்ணின் வாழ்வு’ எழுதியவரை அறிந்தோர்க்கு வாளா கடந்து செல்லத்தக்கதன்று. நினைவிழந்த பழைய தோழி ஒருத்தி, எல்லாம் மறந்த நிலையிலும் செக்காவின் ‘கடற்பறவை’ உரையாடலை மறவாதிருத்தல் அப் படத்தில் வருகிறது. எதிரே இல்லக் காவற்பெண்ணாக நடித்த ஒதோவா நொபுகோ, படம் வெளிவருமுன் 1994 இறுதியில் மறைந்தார். அவ் வேடத்தின் பெண், தன் மகளுக்குத் தந்தை நடிகையின் மறைந்த கணவரே என்னும் உண்மையைச் சொல்லும் காட்சியில், சுகிமுராவின் சினத்தில் அரைப்பங்கு வஞ்சிக்கப்பட்ட மனைவியுடையது. எஞ்சிய அரைப்பங்கு, காட்சியின் நடுவிடத்தைப் பிறரொருத்தி பறித்துக்கொண்டாளே என்னும் நடிகையின் சினம். தம் தொழிலின் செருக்கையே நகைக்கு உரியதாக்கிக் காட்ட அவர் அஞ்சவில்லை.

அதே 1995இல் ஜப்பானிய அரசு அளிக்க முன்வந்த பண்பாட்டு விருதினை, தாம் இன்னும் நடித்துக்கொண்டிருக்க விரும்புவதாகக் கூறி ஏற்க மறுத்தார். 1996இல் கேய் வேடம் புங்ககுசாவின் தாய்ரா தோஷியேயிடம் சென்றது. ஐம்பதாண்டு ஒருவர் உடம்பிலேயே வாழ்ந்த பாத்திரத்தை மற்றொருவர் ஏற்று நடித்ததைச் சுகிமுரா உயிரோடிருக்கும்போதே அரங்கு கண்டது. 1997 ஏப்பிரல் 4ஆம் நாள் அவர் காலமானார்.